வடமேற்குப் பாதை: பாடிவிட்டுப் படிக்க வேண்டிய படப்புத்தகம்

'நார்த்வெஸ்ட் பாசேஜ்' (வடமேற்குப் பாதை) என்ற இந்தப் படப்புத்தகத்தை வாங்கியவர்கள் பலரும் செய்யக்கூடிய ஒரு தவறை முதலில் சொல்லிவிடலாம். முதல் பக்கத்தைத் திறந்து, கண்ணில் பட்ட எழுத்தையெல்லாம் வரிசையாக வாசித்துக் காட்டத் தொடங்குவது. பத்து நிமிடத்தில் பிள்ளை எழுந்து போய்விடும். குறை புத்தகத்தில் இல்லை, வாசித்த முறையில்தான். இது ஒரே அட்டைக்குள் இருக்கும் இரண்டு புத்தகங்கள். ஒன்று பாட்டு, இன்னொன்று அந்தப் பாட்டுக்குப் பின்னால் கிடக்கும் வரலாறு. இரண்டையும் ஒரே அமர்வில் ஊட்டினால் பாட்டின் ஓட்டமும் அறுபடும், வரலாறும் தொண்டையில் சிக்கும்.

'நார்த்வெஸ்ட் பாசேஜ்' கனடாவின் ஸ்டான் ரோஜர்ஸ் எழுதிப் பாடிய பாடல். கனடாவின் வடக்கே, ஆர்க்டிக் பனிக்கடல் வழியாக ஆசியாவுக்குப் போகும் கடல்வழிக்குத்தான் அந்தப் பெயர். 1981இல் அதே பெயர் கொண்ட இசைத்தொகுப்பில் வெளிவந்தது. இரண்டு ஆண்டு கழித்து, 1983 ஜூனில், சின்சினாட்டியில் அவசரமாகத் தரையிறங்கிய விமானத்தில் பற்றிய தீயில் அவர் இறந்துபோனார். அப்போது வயது 33. நாட்டுப்புறப் பாடல் என்றால் எழுதியவர் பெயர் தெரியாத பாட்டு என்றுதான் நம் மனதில் பதிந்திருக்கிறது. இதற்கு ஆசிரியர் பெயர் உண்டு, ஆண்டு உண்டு. ஆனாலும் கனடாவில் பள்ளி மேடை, முகாம் நெருப்பு, படகுத்துறை என்று எல்லா இடத்திலும் வாய்மொழியாகப் பரவி, ஊர்ப்பாட்டாகவே ஆகிவிட்டது. அந்தப் பாடலை எடுத்து, ஓவியர் மேட் ஜேம்ஸ் படங்கள் தீட்டி, இடையிடையே வரலாற்றுக் குறிப்பும் சேர்த்து, டொராண்டோவின் கிரவுண்ட்வுட் பதிப்பகம் 2013இல் கொண்டுவந்த புத்தகம் இது. அதே ஆண்டு சிறுவர் நூல் ஓவியத்துக்கான கவர்னர் ஜெனரல் இலக்கிய விருதும் பெற்றது.

பாட்டிலிருந்தே தொடங்குவோம். வாத்தியம் ஒன்றும் கிடையாது. வெறும் குரல். சரணத்தை ஒருவர் தனியாகப் பாட, பல்லவியில் மற்ற ஆண் குரல்கள் மேலும் கீழுமாக வந்து சேர்ந்துகொள்ளும். நான்கு சரணம். பல்லவியில் தொடங்கி, ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் பல்லவிக்குத் திரும்பி, பல்லவியிலேயே முடிகிறது. ஆக, ஒரு முறை முழுதாகக் கேட்டாலே பிள்ளைகள் காதில் பல்லவி ஐந்து தடவை விழுந்துவிடும். மூன்றாவது சுற்றில் அவர்களே முணுமுணுக்கத் தொடங்குவார்கள். புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே பாட்டை இரண்டு மூன்று நாள் வீட்டில் ஓடவிடுங்கள் என்று சொல்வது இதனால்தான். மெட்டு காதில் ஏறிய பிறகு புத்தகத்தைத் திறந்தால், அச்சில் இருக்கும் வரி தானாகவே பாட்டாக வாயில் வரும். மெட்டுத் தெரியாமல் படித்தால் அது பழைய பாணி ஆங்கிலச் செய்யுளாக நின்றுவிடும்.

சேர்ந்து பாட வைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ரோஜர்ஸுடையது ஆழமான ஆண் குரல். அந்தச் சுருதியில் எட்டு வயதுப் பிள்ளை பாடப்போனால் சரணத்தின் அடிவரிகள் வெறும் காற்றாகிவிடும். நான்கைந்து கட்டை ஏற்றிப் பாட வையுங்கள். புத்தகத்தில் இசைக்குறிப்பும் அச்சிட்டிருக்கிறார்கள். கீபோர்டு வாசிக்கத் தெரிந்த வீட்டில் அதை வைத்து மெட்டைப் பிடித்து, பிறகு பிள்ளையின் குரலுக்கு மாற்றிக்கொள்ளலாம். கர்நாடக இசை கற்கும் பிள்ளைகளுக்கு இன்னொன்று புதிதாகத் தெரியும். நம் குழுப்பாட்டில் எல்லோரும் ஒரே ஸ்வரத்தில் சேருவோம். இதில் ஒருவர் மெட்டைப் பிடித்திருக்க, மற்றவர் அதற்கு மேலே மூன்றாவது ஸ்வரத்திலோ கீழேயோ நிற்பார். முதலில் எல்லோரும் ஒரே குரலில் பாடிப் பழகட்டும். அடுக்கிப் பாடுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இனி பொருள். பாடுகிறவர் ஒரு கார் ஓட்டி. கிழக்கிலிருந்து மேற்காகக் கனடாவைத் தரைவழியே கடந்து போகிறார். ஓட்டிக்கொண்டே, தனக்கு முன்னால் இந்தத் திசையில் போனவர்களை நினைக்கிறார். முதல் சரணம் வடக்கே, டேவிஸ் நீரிணைக்கு மேற்கே, ஆசியாவுக்குக் கடல்வழி தேடிப் போய் மாண்டவர்களைப் பற்றியது. எலும்புகளும், யாரும் நினைக்காத ஒரு கற்குவியலும்தான் மிச்சம் என்கிறார். இரண்டாவது சரணம் புல்வெளிச் சமவெளி. மூன்றாவது இரவு, மலை, ஃபிரேசர் ஆறு. நான்காவதில் கேள்வி தன்மீதே திரும்புகிறது. இருந்த வாழ்க்கையை உதறிவிட்டு வழி தேடிக் கிளம்பிய தனக்கும் அந்த முதல் ஆட்களுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டு, கிடைத்தது வீடு திரும்பும் சாலை மட்டும்தான் என்று முடிக்கிறார்.

துருவப் பயணப் பாட்டு என்று சொல்லிக் கொடுத்தால், இரண்டாம் சரணத்திலிருந்து பனியே காணோமே என்று பிள்ளைகள் கேட்பது நியாயம். 'பாசேஜ்' என்ற சொல்லில்தான் விடை இருக்கிறது. கடல்வழி என்பதும் அதுதான், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கடந்துபோகும் பயணம் என்பதும் அதுதான். பாடல் முழுக்க அந்த இரண்டு பொருளிலும் மாறி மாறி நடக்கிறது. படங்களும் அப்படியே, கப்பல் காலத்துக்கும் கார் காலத்துக்கும் இடையில் போய்வருகின்றன. தமிழில் விளக்கும்போது 'வழி' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டால் போதும். வழி தேடுவது, வழி தவறுவது, வழிப்பயணம் எல்லாமே அதற்குள் வந்துவிடும்.

பாட்டில் வரும் பெயர்களுக்கு ஒரு சிறு திறவுகோல் தேவை. இரண்டாம் சரணத்தில் 'கெல்சோ' என்று ஒருவர் வருவார். குறிப்பது ஹென்றி கெல்சியை. 1690இல் ஹட்சன் வளைகுடாக் கரையிலிருந்து கிளம்பி உள்நாட்டுப் புல்வெளிவரை போய், 1692இல் திரும்பியவர். மூன்று நூற்றாண்டு கழித்துத் தான் வருவதாகப் பாடகர் சொல்வது இதை வைத்துத்தான். 1690க்கும் 1981க்கும் நடுவே 291 ஆண்டு, கணக்குச் சரியாகவே இருக்கிறது. மக்கென்சி 1789இல் தன் பெயரை இன்று தாங்கும் ஆற்றின் வழியே ஆர்க்டிக் கடலையும், 1793இல் மலைகளைத் தாண்டிப் பசிபிக்கையும் தொட்டவர். டேவிட் தாம்ஸன் 1811இல் கொலம்பியா ஆற்றின் முகத்துவாரத்தை எட்டினார். சைமன் ஃபிரேசர் 1808இல் இறங்கிப்போன ஆறுதான் மூன்றாம் சரணத்தில் உறுமிக்கொண்டு ஓடுவது. இவர்கள் எல்லாம் தரைவழி ஆட்கள். பனிக்கடலுக்குரிய பெயர் பாட்டில் ஒன்றுதான், ஜான் ஃபிராங்க்ளின். புத்தகத்தின் உரைநடைப் பகுதி தன் கனத்தை அவர்மேல்தான் இறக்கி வைத்திருக்கிறது. அது சரியான முடிவு என்பதே இங்குள்ள கருத்து. எல்லோர் கதையையும் கொஞ்சம் கொஞ்சம் சொல்லப் போயிருந்தால் ஒன்றும் மனதில் நின்றிருக்காது.

ஆங்கிலேயக் கடற்படை அதிகாரியான ஃபிராங்க்ளின், வடமேற்குப் பாதையைத் தேடி, 1845 மே 19 அன்று இங்கிலாந்தின் கிரீன்ஹைத்திலிருந்து எரிபஸ், டெரர் என்ற இரண்டு கப்பல்களோடு கிளம்பினார். வயது 59. ஆட்கள் 134 பேர். கிரீன்லாந்தில் ஐந்து பேரைத் திருப்பி அனுப்பிவிட்டு, 129 பேரோடு மேற்கே திரும்பினார். மூன்று ஆண்டுக்கான உணவு ஏற்றியிருந்தார்கள். ரயில் எஞ்சின்களைக் கப்பலுக்குள் பொருத்தியிருந்தார்கள். அந்த ஜூலைக் கடைசியில் பாஃபின் வளைகுடாவில் திமிங்கில வேட்டைக் கப்பல்காரர்கள் பார்த்ததுதான் ஐரோப்பியர் அவர்களைக் கடைசியாகக் கண்டது. ஒருவரும் திரும்பவில்லை.

அவர் கை போஃபர்ட் கடலை நோக்கி நீண்டதாகப் பல்லவி சொல்லும். கவிதைக்காகச் சொன்ன ஒன்று என்று அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். 1826இல், தன் இரண்டாவது தரைவழிப் பயணத்தில், மக்கென்சி ஆற்று முகத்திலிருந்து மேற்கே அந்தக் கடலின் கரையோரமாகவே படகில் போய் வரைபடம் எழுதியவர் ஃபிராங்க்ளின். இருபது ஆண்டுக்கு முன் தான் பார்த்த கரையைக் கப்பலில் வந்து தொட்டுவிட முடியும் என்று கிளம்பியவர், நடுவில் நின்றுபோனார். உலக வரைபடத்தில், அவர் நின்றுபோன கிங் வில்லியம் தீவின்மேல் ஒரு விரலும், மக்கென்சி ஆற்று முகத்தில் இன்னொரு விரலும் வைக்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு விரல்களுக்கு இடையில் இருக்கும் தூரத்தைத்தான் பல்லவி பாடுகிறது.

ஏன் நின்றுபோனார் என்பதை வரைபடத்தில் காட்டுவதுதான் இந்தப் புத்தகத்தை வைத்துச் செய்யக்கூடியவற்றில் மிகவும் சுவையான வேலை. புத்தகத்திலேயே வரைபடம் இருக்கிறது. அதன்மேல் ஒரு டிரேசிங் தாளை வைத்து கிங் வில்லியம் தீவை எடுத்து வரையுங்கள். வடக்கிலிருந்து வரும் கப்பலுக்குத் தீவின் மேற்குப் பக்கம் ஒரு வழி, கிழக்குப் பக்கம் ஒரு வழி. அன்றைய வரைபடத்தில் கிழக்குப் பக்கம் அடைபட்ட விரிகுடாவாக இருந்தது. தீவே தீவு அல்ல, பெருநிலத்தோடு ஒட்டியது என்று நினைத்தார்கள். எனவே கப்பல்கள் மேற்கே போயின. அந்தப் பக்கத்தில்தான் வடமேற்கிலிருந்து பல ஆண்டுப் பழைய கெட்டிப் பனி இறங்கிவந்து தீவின்மீது முட்டி நெரியும். 1846 செப்டம்பர் 12 அன்று கப்பல்கள் சிக்கின. அடுத்த கோடையிலும் பனி விடவில்லை. கிழக்கே நீரிணை ஒன்று இருப்பதை 1854இல் ஜான் ரே என்ற ஆய்வுப் பயணி கண்டார். தீவின் மறைவில் இருப்பதால் அங்கே அந்தக் கெட்டிப் பனி வந்து சேராது. 1903இல் கிளம்பிய நார்வேக்காரர் ரோல்ட் அமுண்ட்சென் அந்தக் கிழக்கு வழியில்தான் போனார். எரிபஸ் 372 டன், டெரர் 325 டன். அமுண்ட்செனின் யோவா 47 டன், 21 மீட்டர் நீளம், ஆழம் குறைந்த நீரிலும் மிதக்கும். அவரோடு போனவர்கள் ஆறே பேர். இரண்டு குளிர்காலம் அந்தத் தீவில் தங்கி, அங்கிருந்த ஆர்க்டிக் பழங்குடிகளான இனுயிட் மக்களிடம் தோலுடை தைப்பதையும் நாய்வண்டி ஓட்டுவதையும் கற்றுக்கொண்டு, 1906இல் வடமேற்குப் பாதையை முழுவதும் கடல்வழியே கடந்த முதல் ஆளாக வெளியே வந்தார்.

டிரேசிங் தாளில் ஃபிராங்க்ளின் வழியை ஒரு நிறத்திலும் அமுண்ட்சென் வழியை வேறு நிறத்திலும் போட்டுவிட்டால், பத்துப் பக்கம் படித்துக் காட்டுவதைவிட அந்த இரண்டு கோடு அதிகம் சொல்லும்.

கற்குவியலுக்கு வருவோம். பாடலில் ஒரே வரியில் கடந்துபோகும் அந்தச் சொல்லுக்குள் ஒரு காகிதம் இருக்கிறது. கடற்படை அலுவலகம் அச்சடித்துக் கொடுத்த படிவம் அது. இதைக் கண்டெடுப்பவர் தயவுசெய்து லண்டனுக்கு அனுப்பிவையுங்கள் என்று ஆறு மொழிகளில் அச்சாகியிருக்கும். 1847 மே 28 தேதியிட்டு அதில் எழுதிய முதல் செய்தி, எல்லாம் நலம் என்று சொல்கிறது. அதே தாளில், நடுவில் இடம் இல்லாததால் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி, 1848 ஏப்ரல் 25 அன்று இரண்டாவது செய்தி. கப்பல்களைக் கைவிட்டாயிற்று, ஃபிராங்க்ளின் 1847 ஜூன் 11 அன்று இறந்துவிட்டார், இதுவரை 24 பேர் போய்விட்டார்கள், மிஞ்சிய 105 பேரும் நாளை தெற்கே பெருநிலத்தில் இருக்கும் பேக் ஆற்றை நோக்கி நடக்கிறோம். எல்லாம் நலம் என்று எழுதி இரண்டே வாரத்தில் தலைவர் இறந்திருக்கிறார். 1859இல் கற்குவியலில் இந்தத் தாள் கிடைத்தது. அந்தப் பயணத்திலிருந்து இவ்வளவு விரிவாக எழுதப்பட்ட செய்தி வேறெதுவும் கிடைத்ததில்லை.

இதை ஒரு பிள்ளைக்குப் புரியவைக்கச் சிறந்த வழி, ஒரு ஏ4 தாளை எடுத்து நடுவில் அச்சுப் படிவம்போலச் சில வரி எழுதி, அதன்கீழ் முதல் செய்தியைச் சொந்த வார்த்தையில் எழுதச் சொல்வது. பிறகு இரண்டாவது செய்தியை ஓரத்தில், தாளைத் திருப்பித் திருப்பி எழுதச் சொல்வது. மை உறைந்துபோகும் குளிரில், வேறு தாள் எடுக்காமல், அதையே ஏன் பயன்படுத்தினார்கள் என்ற கேள்வி எழுதும்போதே வரும்.

பனியில் கப்பல் சிக்குவது என்றால் என்ன என்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு எளிதில் பிடிபடாது. ஐஸ் என்றால் அவர்களுக்கு டிரேயிலிருந்து விழும் கட்டி. அரை லிட்டர் பிடிக்கும் இரண்டு பிளாஸ்டிக் டப்பா எடுத்து, ஒன்றில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் ஒரு மேசைக்கரண்டி உப்புக் கரைத்த தண்ணீர். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு, அந்தக் கணக்குக்கு இது கிட்டத்தட்டச் சரி. இரண்டிலும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் படகை மிதக்கவிட்டு ஃப்ரீசரில் வையுங்கள். காகிதப் படகு ஊறிச் சரிந்துவிடும், வேண்டாம். கண்ணாடிப் பாத்திரம் வைக்கவே கூடாது. உறையும்போது தண்ணீர் ஏறத்தாழ 9 சதவீதம் விரிந்து கண்ணாடியைப் பிளந்துவிடும். டப்பாவையும் விளிம்புவரை நிரப்பாதீர்கள். சில மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் வெறும் தண்ணீரில் மேலே தகடு கட்டியிருக்கும், உப்புத் தண்ணீர் இன்னும் குழம்பாக இருக்கும். கடல்நீர் உறைய மைனஸ் 1.8 டிகிரி வேண்டும் என்பதை அங்கேயே சொல்லிவிடலாம். மறுநாள் காலை இரண்டு படகையும் கையால் பிடுங்கச் சொல்லுங்கள். காற்றும் நீரோட்டமும் தள்ளிக்கொண்டு வரும் கெட்டிப் பனி கப்பலின் மரப்பலகையை என்ன செய்யும் என்று கேளுங்கள்.

படங்களைப் பற்றி. மேட் ஜேம்ஸ் நேர்த்தியாக வரைகிற ஓவியர் அல்ல, அதுவே அவருடைய பலம். வண்ணம் தடிப்பாக இருக்கும், தூரிகை இழுத்த தடம் தெரியும், ஆட்கள் பிள்ளைகள் வரைந்ததுபோல நேரடியாக நிற்பார்கள். கப்பலின் ஒவ்வொரு கயிறும் சரியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். கப்பல் பாகங்களைக் கற்றுக்கொள்ள வேறு புத்தகம் வேண்டும். ஆனால் இந்தப் பாட்டுக்கு இந்தக் கைதான் பொருத்தம். வாத்தியம் இல்லாமல் தொண்டையைத் திறந்து பாடிய பாட்டுக்கு, மெருகேற்றிய டிஜிட்டல் ஓவியம் ஒட்டாது. படத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளை தானும் வரைய உட்காரும் என்பது இதில் இன்னொரு நன்மை. அப்போது கலர் பென்சில் கொடுக்காதீர்கள், பருமனான தூரிகையும் போஸ்டர் கலரும் கொடுங்கள். பனியை வெள்ளையாக விட்டுவிடாமல் நீலம், பச்சை, சாம்பல் எல்லாம் கலந்து பூசிப் பார்க்கட்டும்.

உரைநடைக் குறிப்புகள் பாட்டு வரிகளைவிடக் கனமானவை. ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பாட்டும் படமும் மட்டும் போதும். உரைநடைக்கு எட்டு வயதாவது ஆகட்டும். தானாகவே படித்துக்கொள்ளப் பத்து, பதினொன்று. முதல் நாள் பாட்டு வரிகளை மட்டும் பாடிக்கொண்டே முதலிலிருந்து கடைசிவரை புரட்டுங்கள், குறிப்பில் கண் வைக்காதீர்கள். இரண்டாம் நாள் ஃபிராங்க்ளின் கதை மட்டும். கடைசியில் இருக்கும் காலவரிசையும், பயணிகளின் சிறு உருவப்படத் தொகுப்பும், அவ்வப்போது எடுத்துப் பார்க்க வேண்டியவை. அவற்றை வரிசையாக வாசித்துக் காட்டத் தேவையே இல்லை.

இரண்டு இடத்தில் பெரியவர்கள் முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று சாவு. இது 129 பேர் செத்த கதை. பயணத்தின் முதல் குளிர்காலத்தைக் கப்பல்கள் கழித்த பீச்சி தீவில், அப்போது இறந்த மூன்று பேரின் கல்லறைகள் உள்ளன. நவம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி தொடக்கம்வரை சூரியனே எழாத இடம் அது. 1980களில் தோண்டிப் பார்த்தபோது உடல்கள் கெடாமல் இருந்தன. இணையத்தில் தேடினால் அந்தப் புகைப்படங்கள் முதலில் வந்து நிற்கும். சிறு பிள்ளையைத் தனியாகத் தேடவிடாதீர்கள். கடைசியில் சிலர் பசி தாங்காமல் இறந்தவர் உடலை உண்டார்கள் என்ற செய்தியும் தேடலில் தட்டுப்படும். பெரிய பிள்ளைகள் கேட்டால் மறைக்க வேண்டாம். 1854இல் இனுயிட் மக்கள் ஜான் ரேயிடம் சொன்ன செய்தி அது. லண்டனில் நம்ப மறுத்தார்கள். சார்லஸ் டிக்கன்ஸ் தன் பத்திரிகையிலேயே அந்த மக்களைப் பழித்து எழுதினார். 1990களில் எலும்புகளில் கத்தித் தடங்களைக் கண்டு ஆய்வாளர்கள் உறுதிசெய்தார்கள். சொன்னவர்கள் உண்மையைத்தான் சொல்லியிருந்தார்கள்.

இரண்டாவது, பல்லவியில் அந்த நிலத்துக்கு வரும் அடைமொழி. காட்டுத்தனமான, கொடிய என்ற பொருள் தரும் சொல். வழி தெரியாமல் வந்தவர் கண்ணில் அப்படித்தான் பட்டிருக்கும். ஆனால் இனுயிட் மக்களுக்கு அது பிள்ளை பெற்று வளர்த்த வீடு. வெறும் நிலத்தில் ஒரே ஒரு கோடு போட்டதாகப் பாடல் சொல்லும்போது, அங்கே முன்பே ஆயிரம் நடைபாதைகள் இருந்தன என்பதைப் பக்கத்தில் இருந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும். பாட்டைக் குறை சொல்வதற்காக இல்லை. ரோஜர்ஸ் காரோட்டியின் கண்ணால் எழுதினார், அந்தக் கண்ணுக்கு அது உண்மை. வாசித்துக் காட்டுகிறவர் இன்னொரு கண்ணையும் கொடுக்க வேண்டும், அவ்வளவே. டொராண்டோ, ஸ்கார்பரோ பக்கம் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது இன்னும் நெருக்கமாகப் புரியும். இருந்த வாழ்க்கையை விட்டுவிட்டுக் கடல் கடந்தவர்கள் அவர்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள், அம்மம்மாவிடம் கேட்டால் நான்காம் சரணத்துக்கு வேறு ஓர் உரையும் கிடைக்கும்.

ஃபிராங்க்ளினைப் பற்றி இன்னும் பழைய பாட்டு ஒன்று உண்டு. 1850 வாக்கில் அவர் மனைவியின் துயரமாக அச்சுத்தாள்களில் வந்த புலம்பல் பாட்டு. ஆசிரியர் பெயர் இல்லாத அசல் நாட்டுப்புறப் பாடல் அது. பெரிய பிள்ளைகளுக்கு இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கக் கொடுக்கலாம். அது ஒப்பாரி, இது வழிநடைப் பாட்டு.

புத்தகத்துக்கு வயதாகிவிட்ட இடம் ஒன்றே ஒன்று. அது அச்சான 2013இல் கப்பல்கள் இரண்டும் கிடைக்கவில்லை. மறு ஆண்டே, 2014 செப்டம்பரில், எரிபஸ் சுமார் 11 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது. ஒரு கப்பல் அந்தப் பக்கம்தான் மூழ்கியது என்று இனுயிட் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த பகுதியிலேயே கிடந்தது. 2016 செப்டம்பரில் டெரர். கிங் வில்லியம் தீவில் உள்ள யோவா ஹேவன் ஊரைச் சேர்ந்த இனுயிட் வேட்டைக்காரர் சாமி கோக்விக், சில ஆண்டுக்கு முன் பனிமேல் ஒரு மரக்கம்பு பாய்மரம்போல நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாகச் சொன்ன விரிகுடாவில், ஏறத்தாழ 24 மீட்டர் ஆழத்தில், அதிகம் சிதையாமல் நின்றது. அந்த விரிகுடாவுக்கு அதற்கு முன்பே டெரர் விரிகுடா என்றுதான் பெயர். அதே 2016 கோடையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பேரை ஏற்றிக்கொண்டு ஓர் உல்லாசக் கப்பல் வடமேற்குப் பாதையைக் கடந்தது. அந்த அளவுக்குப் பனி குறைந்துவிட்டது.

ஆகவே காலவரிசைப் பக்கத்தின் அளவுக்கு ஒரு துண்டுத் தாள் வெட்டி, 2014 எரிபஸ், 2016 டெரர் என்று பிள்ளையின் கையெழுத்திலேயே எழுதி, கோக்விக்கின் பெயரையும் சேர்த்து, கடைசி வரிக்குக் கீழே ஒரு ஓரத்தில் மட்டும் பசை தடவி ஒட்டிவிடுங்கள். முழுதாகப் பசை போட்டால் தாள் சுருங்கிப் பக்கத்தையும் இழுத்துவிடும். நூலகப் பிரதி என்றால் ஒட்டாமல், மடித்து உள்ளே வைத்துக்கொள்ளலாம்.